முப்பது எண்ணுவதற்குள்

என் தம்பி பௌதிக வாத்தியார் வேலையை விட்டுவிட்டு ராக் பாடப் போகிறேன் என்று சொன்ன அன்று வீட்டில் யாரும் அழவில்லை. சிரித்தோம். அதிலும் அவன் பாடப்போவது காதலைப் பற்றி இல்லை, உராய்வு விசையைப் பற்றி என்றதும் என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படிச் சிரித்த மனுஷனே ஆறு மாதம் கழித்து அவனுக்கு டிரம்ஸ் வாசிக்கப் போய்விட்டார். வீட்டில் இரண்டு பைத்தியம் இருந்தால் மூன்றாவது ஆள் மட்டும் தெளிவாக இருந்து என்ன பிரயோஜனம்? நானும் சவுண்ட் மிக்ஸர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

எச்சில் எப்படிச் சோற்றைச் சர்க்கரையாக்குகிறது, பூஞ்சை ஏன் செடி இல்லை, வியாழன் கிரகத்தில் நின்றால் நம் எடை என்ன, எல்லாவற்றுக்கும் ஒரு பாட்டு. கித்தார் அலறும், தம்பி தலையை ஆட்டிக்கொண்டு வகுப்பெடுப்பான். பிள்ளைகளுக்கு ஏனோ பிடித்துவிட்டது. ஆனால் எங்களுக்குச் சோறு போட்டது ஒரே ஒரு பாட்டுதான். 'நொண்டி இடி' என்று அதற்குப் பெயர். 

"ஒளி ஓடிப் போச்சு, ஒலி நொண்டி வருது,
ஒண்ணு ரெண்டு மூணு எண்ணு!
முப்பது வர்றதுக்குள்ள இடி வந்து சேந்தா
கூரைக்குள்ள போய் உக்காரு!"

விஷயம் சின்னதுதான். மின்னல் வெட்டினால் வெளிச்சம் அந்தக் கணமே நம் கண்ணுக்கு வந்துவிடும். இடிச்சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று வினாடி பிடிக்கும். ஆகவே வெட்டியதும் எண்ண ஆரம்பி, வினாடிக்கு ஒன்று. முப்பது எண்ணி முடிப்பதற்குள் இடி கேட்டால் அடுத்த மின்னல் உன் தலையிலேயே விழலாம், உடனே கட்டடத்துக்குள் போ. தம்பி கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு தாள அடிக்கு ஒரு வினாடி என்று கணக்காக அந்தப் பாட்டைக் கட்டினான்.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "இது பாட்டா, தாலாட்டா? இதுக்கு வாசிச்சா நானே ஸ்டூல்லேர்ந்து தூங்கி விழுந்துடுவேன் மச்சான்" என்றார். கச்சேரிக்குக் கச்சேரி வேகத்தை ஏற்றினார். காதில் தாளம் காட்டுகிற கிளிக் சத்தம் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கிளிக் போட்டு வாசிக்கிறவன் குமாஸ்தா என்று ஒரு பதில் வைத்திருந்தார். வேகம் ஏற ஏறக் கூட்டம் குதித்தது. அந்த வேகத்திலேயே வீடியோ எடுத்துப் போட்டோம். இருபது லட்சம் பேர் பார்த்தார்கள். பாட்டு அப்படி ஓடும்போது கடிகாரத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? எழுதிய வாத்தியாரே பார்க்கவில்லை.

அன்று பள்ளிக்கூடங்கள் சேர்ந்து நடத்திய அறிவியல் கண்காட்சி. திறந்த மைதானம், ஒரு கோடியில் இரும்புச் சட்டம் போட்ட மேடை, மறு கோடியில் உள்விளையாட்டு அரங்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு துணிப்பந்தலின் கீழே நானும் என் மிக்ஸரும். மத்தியான வெயில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஏறக்குறைய இரண்டாயிரம் பிள்ளைகள். முன்வரிசையில் இரும்புத் தடுப்புக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு என் மகள். ஒன்பது வயது, வாலு. அப்பாவுக்கு நேர் எதிரே நின்றால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

'நொண்டி இடி' பாடும்போது வழக்கமாக மேடை விளக்கைப் பளிச்சென்று அடித்து மின்னல் காட்டுவோம். பிறகு கித்தாரெல்லாம் நின்றுவிடும். டிரம்ஸ் மட்டும் அடிக்க, கூட்டம் எண்ணும். பெரிய டிரம்மில் என் கணவர் ஒரு குத்து விட்டால் அது இடி. அன்று விளக்குக்காரருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மேடைக்குப் பின்னால், தூரத்தில், ஒரு கறுப்பு மேகம். மைதானத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே நிஜமாகவே வெட்டியது.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா! இன்னைக்கு வானமே நம்ம பேண்ட்ல சேந்துடுச்சு! எண்ணுங்க!" என்று கத்தினான். கூட்டத்தின் சத்தத்தை நேராகக் கேட்க வேண்டுமென்று காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

இரண்டாயிரம் தொண்டை எண்ணியது. என் கணவர் குச்சியால் தட்டத் தட்ட, அதே வேகத்தில். முப்பத்தைந்தில் இடி உருண்டது.

"முப்பத்தஞ்சு! தப்பிச்சோம்டா!" என்றான் தம்பி. மைதானமே குதித்தது. என் மகளும் குதித்தாள்.

நான் குதிக்கவில்லை. என் வேலை அப்படி. கச்சேரியைப் பதிவு செய்துகொண்டிருந்தேன், எனக்கு முன்னால் திரையில் வினாடிகள் ஓடிக்கொண்டே இருக்கும். வெட்டியபோது என் கண் தற்செயலாக அதன்மேல் இருந்தது. இடி கேட்டபோதும் பார்த்தேன். இருபத்தொரு வினாடிதான் ஆகியிருந்தது.

ஏதோ கண் தப்பு என்று நினைத்தேன். மறுபடி வெட்டியது. இந்த முறை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கூட்டம் முப்பத்தொன்று எண்ணியதும் இடித்தது. "மயிரிழையில தப்பிச்சோம்!" என்று தம்பி கூத்தாடினான். திரையில் பத்தொன்பது வினாடிகூட முழுதாக ஆகவில்லை.

அந்தக் குச்சித் தட்டு வினாடியே இல்லை. வினாடியைவிட எவ்வளவோ வேகம். முப்பதைத் தாண்டிவிட்டோம், பத்திரம் என்று துள்ளுகிற பிள்ளைகள் எல்லாரும் ஏற்கெனவே மின்னலின் கைக்குள் நிற்கிறார்கள். என் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

விழா ஒருங்கிணைப்பாளர் என் பந்தலுக்குள்ளேயேதான் வாக்கிடாக்கியோடு நின்றுகொண்டிருந்தார். "சார், உடனே பிள்ளைங்கள உள்ள அனுப்பணும். மின்னல் பக்கத்துல வந்துடுச்சு" என்றேன்.

"முப்பத்தொண்ணுல்ல வந்துச்சு? நானும் எண்ணினேனே மேடம்."

"அது தப்பான எண்ணிக்கை சார். பாட்டு வேகமா போகுது. இந்தக் கடிகாரத்தப் பாருங்க."

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "உங்க பாட்டு மேடம். நீங்களே முப்பதுன்னு பாடுறீங்க, நீங்களே தப்புன்னு சொல்றீங்க. முப்பதுக்குக் கீழ வரட்டும், நானே அனுப்பறேன். சிறப்பு விருந்தினர் வண்டி வாசல்கிட்ட வந்துடுச்சு. நீங்க சவுண்ட் ஆளு, சவுண்டப் பாருங்க. வானத்த நாங்க பாத்துக்கறோம்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோம். எங்கள் பாட்டை வைத்தே எங்கள் வாயை அடைக்கிறான் மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வாக்கிடாக்கியைப் பிடுங்கி வீசியிருப்பேன்.

பெரிய ஸ்பீக்கரில் நானே கத்திவிடலாம்தான், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் திரும்பிப் பார்த்தேன். அரங்கத்துக்கு இரண்டு கதவு. ஒரு கதவின் முன்னால் கண்காட்சி மேசைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். திறந்திருந்தது மற்றொரு கதவு மட்டும். ஓடுங்கள் என்று ஒரு சொல் விழுந்தால் இரண்டாயிரம் பிள்ளைகளும் அந்த ஒற்றைக் கதவில் போய் மோதுவார்கள். மின்னல் கொல்வதற்கு முன்னால் நாங்களே கொன்றுவிடுவோம்.

மேடையில் இருப்பவர்களின் காதில் மட்டும் கேட்கிற மாதிரி என்னிடம் ஒரு சின்ன மைக் உண்டு. தம்பியின் இயர்போன் தோளில் தொங்கியது. கித்தார்க்காரர்களுக்கு இயர்போன் கிடையாது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு காதுதான், என் கணவருடையது.

"என்னங்க, கேக்குதா? தட்டுறத நிறுத்தாதீங்க. நிறுத்தினா பயந்துடுவாங்க. வேகத்தக் குறைங்க."

அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்குப் பதினோரு வருஷமாக எனக்கு அர்த்தம் தெரியும். 'ஆரம்பிச்சுட்டியா' என்று அர்த்தம்.

"நீங்க தட்டுறது வினாடி இல்லீங்க. இதுதான் வினாடி." கிளிக்கை ஒரு வினாடிக்கு ஒன்றாக வைத்து, சத்தத்தை முழுதாக ஏற்றி அவர் காதுக்குள் விட்டேன்.

முகம் சுளித்தது. அவர் ஒரு தாளத்தில் வாசிக்க, காதுக்குள் இன்னொரு தாளம் சுத்தியல் மாதிரி இறங்குகிறது. டிரம்ஸ்காரருக்கு அதைவிடச் சித்திரவதை கிடையாது. ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையை இயர்போனைப் பிடுங்கக் கொண்டுபோனார்.

"கழட்டாதீங்க! உங்கள கெஞ்சிக் கேக்கறேன். எதிர்ல பாருங்க. நம்ம பொண்ணு கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. முப்பத்தொண்ணுன்னு நீங்க எண்ணினது பத்தொன்பதுங்க."

கை பாதியில் நின்றது. அவருக்கு வேறு எதுவும் தெரியாவிட்டாலும் தாளம் தெரியும். காதுக்குள் விழுகிற அடிக்கும் தன் குச்சிக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை இரண்டே அடியில் கேட்டுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் கிளிக்குக்கு வாசிக்க ஆரம்பித்தார்.

மைதானம் தடுமாறியது. அவர்களுக்குத் தெரிந்த பாட்டு திடீரென்று நடை தளர்ந்துவிட்டதே! "டிரம்மர் தூங்கிட்டாரு!" என்று ஒரு குரல் வந்தது. ஊளையிட்டார்கள். தம்பி திரும்பி மைக்கிலேயே கேட்டான், "என்ன மச்சான், பேட்டரி தீந்துடுச்சா?" எல்லாரும் சிரித்தார்கள். இருபது லட்சம் பேர் பார்த்த தன் வேகத்தை இரண்டாயிரம் பேர் முன்னால் கழற்றி வைத்துவிட்டு, தலை குனிந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

வெட்டியது. முன்பைவிடப் பெரிய வெளிச்சம். பழக்க தோஷத்தில் கூட்டம் வேகமாகத்தான் எண்ண ஆரம்பித்தது. என் கணவர் விடவில்லை. பெரிய டிரம்மையும் சேர்த்து அடித்தார், நான் அந்தச் சத்தத்தை ஏற்றிக்கொடுத்தேன். ஐந்து, ஆறுக்குள் எல்லாக் குரலும் அவரிடம் வந்து சேர்ந்தது. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு எண்ணும்போது வானம் உடைந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

தம்பியின் முகத்தைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியாதவன் மாதிரி என் கணவரின் குச்சியைப் பார்த்தான். உதடு அசைந்தது, எண்ணிப் பார்த்துக்கொண்டான். புரிந்ததும் பேயறைந்தவன் போல ஆனான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஒன்பது வருஷம் வகுப்பில் நின்றவன். பாடகன் போய் வாத்தியார் வந்துவிட்டான்.

"எல்லாரும் என்னப் பாருங்க" என்றான் மைக்கில். குரலில் ஆட்டமே இல்லை. "முப்பதுக்குள்ள வந்துடுச்சு. பாட்டுல அடுத்த வரி என்ன?"

"கூரைக்குள்ள போய் உக்காரு!"

"அப்ப போவோம். ஓடினா பாட்டு நின்னுடும். டிரம்ஸ் ஒரு அடி அடிச்சா நீங்க ஒரு அடி வைக்கணும். கடைசி வரிசை முதல்ல திரும்பு. முன்னால நிக்கிறவங்க கம்பியிலேர்ந்து கைய எடு!"

முன்வரிசை முழுக்கச் சூடு பட்டது போலக் கையை எடுத்தது. என் மகளும் எடுத்தாள்.

ஒருங்கிணைப்பாளரைக் காணோம். திரும்பினால், அரங்கத்து வாசலில் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மூடிக் கிடந்த கதவின் முன்னால் இருந்த மேசைகளைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதுவரை அவரைத் திட்டியதில் பாதியை மனசுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

கூட்டம் நகர்ந்தது. ஒரு அடிக்கு ஒரு அடி. சொன்ன சொல் கேட்கிற பிள்ளைகள்! யாரும் யாரையும் தள்ளவில்லை. ஆனால் அந்த நடை இருக்கிறதே, என் உயிரை எடுத்துவிட்டது. மெதுவாக வாசியுங்கள் என்று கெஞ்சியவளே நான்தான். இப்போது கொஞ்சம் வேகமாக அடியுங்களேன் என்று சொல்ல வாய் துடித்தது. பொத்தானில் வைத்த விரலை எடுத்துக்கொண்டேன். வேகம் ஏறினால் நடை ஓட்டமாகும்.

பின்னால் நின்றவர்கள் முதலில் போனார்கள். அப்படியென்றால் முன்னால் நின்ற என் மகள் கடைசி. எழுந்து போய் அவளை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஒரு தாய் ஓடினால் அத்தனை பேரும் ஓடுவார்கள். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைவிடக் கஷ்டமான காரியம் என் ஜென்மத்தில் நான் செய்ததில்லை.

மறுபடி வெட்டியது. நடந்துகொண்டே எண்ணினார்கள். ஒன்பது.

கடைசி வரிசைகள் என் பந்தலைத் தாண்டும்போது மகள் என்னைப் பார்த்து நின்றாள். "அம்மா, நீயும் வா."

"நிக்காத. அடிய விடாத. நட."

"அப்பா?"

"வருவாரு. நடன்னு சொல்றேன்!"

அழுதுகொண்டே நடந்தாள். ஆனால் அடி தப்பவில்லை. தம்பி மைக்கை வைத்துவிட்டு கித்தார்க்காரர்களோடு அந்தக் கடைசி வரிசைக்குப் பின்னால் நடந்தான். மேடையில் என் கணவர் மட்டும் இருந்தார், தலைக்கு மேல் இரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் விளக்குக் கோபுரம்.

கடைசித் தலை வாசலுக்குள் நுழைந்ததும் சின்ன மைக்கில் கத்தினேன். "போதும்! இறங்குங்க!" அவர் தட்டிக்கொண்டே இருந்தார். வியர்வையில் இயர்போன் எப்போதோ நழுவியிருந்தது. ஸ்பீக்கரை அடியோடு நிறுத்தினேன். அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். காலி மைதானத்தைப் பார்த்தார், நான் கையை வீசுவதைப் பார்த்தார், குதித்து ஓடிவந்தார். நானும் ஓடினேன். வாசற்படியில் அவர் என்னைப் பிடித்து உள்ளே தள்ளவும் முதுகுக்குப் பின்னால் எல்லாம் வெள்ளையாகவும் சரியாக இருந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. எண்ணுவதற்கு எதுவுமே இல்லை. திரும்பிப் பார்த்தபோது இடது பக்கத்து விளக்குக் கோபுரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தடுப்புக் கம்பியின் ஒரு முனை அந்தக் கோபுரத்தின் காலோடுதான் கட்டியிருந்தது.

உள்ளே கரண்ட் போய்விட்டது. மகளைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டேன். பிறகு அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "அறிவிருக்கா உங்களுக்கு? கடைசி ஆளு உள்ள போனப்புறமும் அங்க என்னங்க கச்சேரி?"

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார். காது அடைத்துப்போயிருந்தது, நான் திட்டியது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்போது ஒரு சின்னப் பெண், இரட்டைப் பின்னல், எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள். "அங்கிள், மெதுவா எண்ணணுமா, வேகமாவா?"

அவர் குனிந்து காதைக் கொடுத்தார். அவள் மறுபடி கத்திக் கேட்டாள். "மெதுவாம்மா. மெதுவாதான் சரி" என்றார்.

"எங்க அண்ணன் இப்ப எங்க வீட்டுப் பக்கத்து கிரவுண்ட்ல பந்து விளையாடிட்டு இருப்பான். அவன் உங்க வீடியோ மாதிரிதான் எண்ணுவான்."

என் கணவர் என் போனைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார். அவள் நம்பரைப் போட்டதும் வாங்கி ஸ்பீக்கரில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான். பின்னால் பையன்கள் கத்துகிற சத்தம்.

"தம்பி, அங்க மின்னல் வெட்டுதா?"

"வெட்டுது. எண்ணிட்டோம், முப்பத்திரண்டு. யாரு நீங்க?"

"அந்த எண்ணிக்கை தப்புப்பா. உடனே கட்டடத்துக்குள்ள போங்க. அந்தப் பாட்டுல டிரம்ஸ் அடிச்சது நான்தான். நான் தப்பா அடிச்சுட்டேன்."

பையன் சிரித்தான். "சும்மா கலாய்க்காதீங்க சார்" என்று போனை வைத்துவிட்டான்.

என் கணவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். இரட்டைப் பின்னல் அதை வாங்கித் திரும்பக் கூப்பிட்டாள். அவன் எடுத்ததும் அண்ணா கிண்ணா எதுவும் இல்லை. "டேய், இப்ப நீ உள்ள போகலன்னா, கண்ணாடிய உடைச்சது யாருன்னு அம்மாகிட்ட சொல்லிடுவேன்!" என்றாள். அந்தப் பக்கம் ஒரு வசவு. பிறகு மூச்சிரைக்க ஓடுகிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம். "போயிட்டேன், போதுமாடி?"

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. "இவனுக்குத் தங்கச்சி இருந்தா" என்றார் தம்பியிடம். "மத்தவங்களுக்கு?"

தம்பி தன் போனை எடுத்து வீடியோவைத் திறந்து அவரிடம் நீட்டினான். எங்களுக்குச் சோறு போட்டது அந்த ஒன்றுதான், அது மூன்று பேருக்கும் தெரியும். "அழிச்சுடுங்க மச்சான்" என்றான். நிச்சயமாக அழிக்கவா என்று திரை கேட்டது. அவர் போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி அழுத்தினேன்.

"எல்லாரும் ஏற்கெனவே டவுன்லோட் பண்ணி வச்சிருப்பாங்களேம்மா" என்றாள் என் மகள்.

ஜன்னலுக்கு வெளியே வெட்டியது. இருட்டில் பிள்ளைகள் தாங்களாகவே எண்ண ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் மெதுவாக எண்ணினார்கள். இத்தனைக்கும் பிறகு, மீதிப் பாதி அதே பழைய வேகத்தில் ஓடியது. என் கணவர் ஒரு மேசையைத் தேடி ஓடி அதன்மேல் உள்ளங்கையால் அடித்தார். அது போதவில்லை. நான் என் தொண்டை கிழியக் கத்தினேன்.

"மெதுவா! மெதுவா எண்ணுங்கடா!"